பதின்மூன்றாம் மாடியில் ஜெனரேட்டர், பாதாளத்தில் பம்பு

ஆஸ்பத்திரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டாக்டர், நர்ஸ், ஊசி, பினாயில் வாசனை, கடைசியாக பில். கேண்டீன் காபி நன்றாக இருந்தால் அதுவும். கட்டடத்தின் மின் அறை, தண்ணீர்த் தொட்டி, ஆக்சிஜன் குழாய், ஏசி மெஷின், லிப்ட் மோட்டார் இதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வராது. வரவும் வேண்டாம். படுத்திருக்கிறவர் தன் நோயைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும், பம்பைப் பற்றியுமா கவலைப்படுவார்?

ஆனால் ஓர் ஆஸ்பத்திரியை விரிவாக்கும்போது, பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது, யாராவது ஒருவர் இவற்றை நினைத்தே ஆகவேண்டும். எந்த மெஷினை எந்த மாடியில் வைப்பது, எந்தக் குழாயை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்கள் வரைபடம் போடுகிறார்கள். அந்த வரைபடத்துக்குப் பணம் ஒதுக்குவது யார்? கணக்குப் பிரிவு. அதாவது, இன்றைக்கு பி.காம் படித்துவிட்டு நாளைக்கு அங்கே போய் உட்காரப் போகிறவர்கள். அதனால் "இது இன்ஜினியரிங் பசங்க சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். படித்து முடிக்கும்போது இது கணக்குப் பாடம் என்பது புரியும்.

சரி, கதைக்கு வரலாம். இடம் நியூயார்க். நாள் 2012 அக்டோபர் 29, திங்கட்கிழமை. சாண்டி புயல் கரையைத் தொட்ட ராத்திரி.

மன்ஹாட்டன் தீவின் கிழக்கு ஓரத்தில் ஈஸ்ட் ரிவர் ஓடுகிறது. பெயர்தான் ஆறு, உண்மையில் கடல்நீர் ஏறி இறங்கும் நீரிணை. அதன் கரையை ஒட்டி இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஒன்று என்.ஒய்.யு. லாங்கோன், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரி. இன்னொன்று பெல்வியூ, 1736-ல் தொடங்கிய அரசு ஆஸ்பத்திரி. கையில் காசில்லாதவரும் போய்ப் படுக்கக்கூடிய இடம்.

அன்று இரவு தீவின் தென்முனையில் கடல்நீர் சுமார் 14 அடிக்கு ஏறியது. பதினான்காம் தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த துணை மின்நிலையம் வெடித்தது. தென் மன்ஹாட்டன் முழுக்க இருட்டு.

"அதனாலென்ன, ஜெனரேட்டர் இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருந்தது. வெள்ளம் தொடமுடியாத உயரத்தில்தான் இருந்தது. பெல்வியூவில் பதின்மூன்றாம் மாடியில். லாங்கோனிலும் பெரும்பாலான ஜெனரேட்டர்கள் உயரத்தில்தான். ஆனால் ஜெனரேட்டர் காற்றைக் குடித்து ஓடாதே! அதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய்த் தொட்டி அடித்தளத்தில். எண்ணெயை மேலே ஏற்றும் பம்பும் அடித்தளத்தில். வெள்ளம் முதலில் வந்து சேர்ந்த இடமும் அதே அடித்தளம்.

அவ்வளவுதான். மேலே கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷின்கள், கீழே அவற்றோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசுக்கு வாங்கிய பம்பு. பம்பு மூழ்கியதும் மெஷின்களும் படுத்துவிட்டன.

லாங்கோனில் அப்போது முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒன்பதாம் மாடியில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, அதில் 20 குழந்தைகள். லிப்ட் கிடையாது, விளக்கு கிடையாது. சில குழந்தைகளுக்கு மூச்சே மெஷினில்தான். என்ன செய்வது? நர்ஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு சின்ன ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தபடியே, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக ஒன்பது மாடி இறங்கினார். சுற்றிலும் நாலைந்து பேர், ஒருவர் கையில் ஆக்சிஜன், ஒருவர் கையில் மருந்து. கீழே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. பெரிய நோயாளிகளை பிளாஸ்டிக் படுக்கையில் கட்டி, படிக்கட்டில் மெல்ல இழுத்து இறக்கினார்கள். விடிந்த பிறகும் வேலை ஓடியது. அந்த வெளியேற்றத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பெல்வியூவில் வேறு மாதிரி. அங்கே ஊழியர்களும் தேசியக் காவல்படை வீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, எண்ணெயைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடி ஏற்றினார்கள். பம்பு செய்யவேண்டிய வேலையை மனிதக் கைகள் செய்தன. அதனால் அங்கே கொஞ்சம் மின்சாரம் தொடர்ந்து கிடைத்தது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியை எத்தனை நாள் வாளியில் ஓட்டமுடியும்? சில நாட்களில் சுமார் 700 நோயாளிகளையும் வெளியேற்றவேண்டி வந்தது. பெல்வியூ மறுபடி முழுமையாகத் திறந்தது 2013 பிப்ரவரியில்தான்.

இப்போது எல்லோருக்கும் எழும் கேள்வி: பம்பை அங்கே கொண்டுபோய் வைத்த புத்திசாலி யார்?

யாருமே முட்டாள்தனம் செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எண்ணெயை மேல்மாடிகளில் பெரிய அளவில் சேமிக்கத் தீயணைப்பு விதிகள் எளிதில் விடாது. நோயாளிகளுக்கு நடுவே எண்ணெய்த் தொட்டியை வைத்து, அது கசிந்து பற்றிக்கொண்டால் என்னவாகும்? அதனால் தொட்டி கீழே. தொட்டி இருக்கும் இடத்திலேயே பம்பு. கனமான சுவிட்ச் பேனல்களும் கேபிள்களும் தெருவிலிருந்து உள்ளே நுழையும் இடம் தரைக்கடி. அதனால் மின் அறையும் கீழே. ஒவ்வொரு முடிவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும்.

இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் காமர்ஸ் மாணவர்களுக்கான காரணம். மேல்மாடியில் ஒவ்வொரு சதுர அடியும் ஒரு கட்டில் போடக்கூடிய இடம். கட்டில் வருமானம் தரும். சுவிட்ச் பேனல் என்ன தரும்? மின்கட்டண ரசீது தரும்! முதலாம் ஆண்டுப் பொருளாதாரத்தில் படித்த 'வாய்ப்புச் செலவு' ஞாபகம் இருக்கிறதா? மெஷினை மேலே ஏற்றினால் இழக்கும் கட்டில்கள்தான் அந்தச் செலவு. இழப்பு எவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதிவிடலாம். ஆனால் மெஷினைக் கீழே வைத்தால் ஏதோ ஒரு ராத்திரியில் என்ன இழப்பு வரும் என்று எழுத எந்தப் பேரேட்டிலும் இடம் இல்லை. எழுதமுடிந்த செலவு எழுதமுடியாத செலவை எப்போதும் ஜெயித்துவிடும்.

சோதனை செய்து பார்க்கமாட்டார்களா? பார்ப்பார்கள். அமெரிக்க விதிப்படி, மின்சாரம் போன 10 விநாடிக்குள் உயிர் காக்கும் பகுதிகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் வந்துசேர வேண்டும். மாதம் ஒருமுறை 30 நிமிடமாவது ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். ஓட்டிப் பார்ப்பது காய்ந்த தரையில், பம்பு நன்றாக இருக்கும் நாளில். ஜெனரேட்டர் ஒவ்வொரு மாதமும் பாஸ் ஆகிவிடும். தொட்டி, பம்பு, குழாய், ஜெனரேட்டர், சுவிட்ச், கேபிள் என்ற முழுச் சங்கிலியையும் வெள்ளத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் பரீட்சை கிடையாது.

இதில் மனதை உறுத்துவது, இது முதல் தடவை இல்லை என்பது. 2001 ஜூனில் அலிசன் புயல்மழையில் ஹூஸ்டன் நகரின் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் மூழ்கியது. அங்கே உள்ள மெமோரியல் ஹெர்மன் ஆஸ்பத்திரியில் மின்சாரம் அற்றுப்போய் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் மெமோரியல் மெடிக்கல் சென்டர் என்ற ஆஸ்பத்திரி. அங்கே ஜெனரேட்டர் மின்சாரத்துக்கு மாற்றிக்கொடுக்கும் சுவிட்சுகளில் ஒரு பகுதி தரைமட்டத்துக்குச் சில அடிதான் மேலே. வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்திலிருந்து 45 உடல்களை எடுத்தார்கள். ஆக, பாடம் 2001-லும் நடத்தியாகிவிட்டது, 2005-லும் நடத்தியாகிவிட்டது. 2012-ல் நியூயார்க் அதே பாடத்தை மறுபடி படித்தது.

ஹூஸ்டன் என்ன செய்தது தெரியுமா? அலிசனுக்குப் பிறகு மின்சாதனங்களை மேலே ஏற்றியது. அடித்தளங்களுக்கும் சுரங்க நடைபாதைகளுக்கும் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பது போன்ற கனத்த கதவுகளைப் போட்டது. செலவு செய்த பதினாறு வருடமும் அந்தக் கதவுகள் பத்துப் பைசா சம்பாதித்துக் கொடுக்கவில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. அலிசனைவிடப் பெரிய மழை. கதவுகளை மூடினார்கள். அந்த வளாகத்தின் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

'மேலே ஏற்றினார்கள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஆஸ்பத்திரியில் அது எவ்வளவு கஷ்டம்! உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை இடம் மாற்றுவது போன்ற வேலை.

ஒரு ஐ.டி. கம்பெனியைப் புதுப்பிக்கவேண்டுமென்றால் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரிடம் "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் வீட்டுக்குப் போய்விட்டு வாங்க" என்று சொல்லமுடியுமா? பழைய மின் இணைப்பைத் துண்டித்துப் புதியதில் கோர்க்கும் வேலையை நள்ளிரவு தாண்டி, அறுவை சிகிச்சை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, தற்காலிக ஜெனரேட்டரை வெளியே நிறுத்திக்கொண்டு செய்கிறார்கள். ஆக்சிஜன் குழாயில் புதுக் கிளை எடுக்கவேண்டுமானால், எந்த வால்வை மூடினால் எந்தெந்தக் கட்டிலுக்கு ஆக்சிஜன் நிற்கும் என்று பட்டியல் போட்டு, அந்தக் கட்டில்களுக்கு முன்கூட்டியே சிலிண்டர் வைத்த பிறகுதான் வால்வில் கை வைப்பார்கள். பட்டியல் தப்பானால்? அதனால்தான் பழைய வரைபடத்தை மட்டும் நம்பாமல் மேற்கூரைப் பலகையைக் கழற்றிக் கண்ணால் பார்க்கிறார்கள். நாற்பது வருடத்தில் எத்தனை பேர் எத்தனை குழாயைச் சேர்த்தார்களோ!

அப்புறம் தூசி. சுவரை இடித்தால் தூசி பறக்கும். வீட்டில் அது தும்மலோடு போய்விடும். ஆஸ்பத்திரியில் அந்தத் தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்துகள்கள் பறக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்து எதிர்ப்பு சக்தி இல்லாமல் படுத்திருப்பவரின் நுரையீரலுக்கு அது எமன். அதனால் வேலை நடக்கும் இடத்தைத் தடுப்புச்சுவர் கட்டி அடைத்து, அதற்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள். கதவு திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர உள்ளிருக்கும் தூசி வெளியே வராது. அறுவை சிகிச்சை அறையில் இதற்கு நேர் எதிர். அங்கே உள்ளே அழுத்தம் அதிகம், வெளிக்காற்று நுழையக்கூடாது. காசநோயாளியைத் தனிமைப்படுத்தும் அறையில் மறுபடி அழுத்தம் குறைவு. ஒரே வராந்தாவில் எதிரெதிரே இப்படி இரண்டு அறைகள் இருக்கலாம். விரிவாக்கம் என்ற பெயரில் பழைய ஏசி மெஷினிலேயே இன்னும் பத்து அறைகளைக் கோர்த்தால் இந்தத் தராசு மொத்தமும் சாயும். எந்த அறைக் காற்று எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

மின்சாரம் போனால் உடனே தெரிந்துவிடும், காற்று கெட்டால் தெரியாது என்பதற்கு இன்னொரு கதை. இது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்தது. அங்கே குழந்தைகளுக்கான புதிய ஆஸ்பத்திரி கட்டி முடித்து, 2019 ஜூலையில் குடிபோக நாள் குறித்தாயிற்று. சில நாட்களே இருக்கும்போது சுகாதார அமைச்சர் "நிறுத்துங்கள்" என்றார். காரணம், தீவிர சிகிச்சை அறைகளில் காற்று மணிக்கு 10 முறை முழுதாக மாறவேண்டும், அங்கே மாறியது 4 முறை. எங்கே வந்தது இந்த 4? திட்டத்தின் ஆரம்பத்தில் ஒவ்வோர் அறைக்கும் என்னென்ன வேண்டும் என்று போட்ட கணினி அட்டவணையில். சாதாரண வார்டுக்கான எண்ணைத் தீவிர சிகிச்சை அறைக்கும் நகல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கட்டத்தில் ஒரு எண்! பல வருடம் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டுத் தாண்டிவந்த எண். நோயாளியே இல்லாத அந்தக் கட்டடத்துக்கு மாதம் சுமார் 14 லட்சம் பவுண்டு கட்டணம் போய்க்கொண்டிருந்தது. எல்லாப் பிரிவுகளும் அங்கே குடியேறி முடித்தது 2021 மார்ச்சில்.

அட்டவணையில் நகல் எடுத்து ஒட்டுவது யாருடைய அன்றாட வேலை என்று காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. :-)

இதே சங்கதியை முன்கூட்டியே யோசித்துக் கட்டியவர்களும் உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி 1972-ல் திறந்தது. அதில் நோயாளிகள் இருக்கும் ஒவ்வொரு மாடிக்கும் மேலே, ஆள் நடமாடும் உயரத்தில் குழாய்க்கும் கேபிளுக்கும் மட்டும் ஒரு மாடி. ஒரு கட்டில்கூடப் போடமுடியாத மாடி! கணக்குப் பார்த்தால் சுத்த வீண். ஆனால் பிற்பாடு ஒரு குழாயை மாற்ற வார்டுக்குள் ஏணி கொண்டுவரத் தேவையில்லை. கீழே நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், மேலே வேலை நடந்துகொண்டிருக்கும். அன்றைய வீண் செலவு, பிந்தைய ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

லாங்கோன் பிறகு என்ன ஆனது? 2014-ல் அமெரிக்காவின் மத்திய பேரிடர் நிதியிலிருந்து அதற்கு 113 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 6,800 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி, உடைந்ததைச் சரிசெய்ய. மீதி, இனிமேல் உடையாமல் இருக்க. மின்சாரமும் நீராவியும் தானே தயாரிக்கும் எரிசக்திக் கட்டடம் ஒன்று 2016-ல் வந்தது, முக்கியச் சாதனங்கள் வெள்ளமட்டத்துக்கு மேலே. 2018-ல் 374 தனி அறைகளோடு கிம்மல் பெவிலியன் என்ற புதிய கட்டடம் திறந்தது. ஆக, மெஷினுக்கு மேலே இடம் கொடுக்கவும் முடிந்தது, கட்டில் போடவும் முடிந்தது. ஒரே நிபந்தனை, முதலில் ஒருமுறை மூழ்கவேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை என்று நினைக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி, சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் செயலிழந்தது. அந்த நாட்களில் அங்கே தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தார்கள். மின்சாரம் நின்றதே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். அவர்கள் ஏற்கெனவே மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் என்றது ஆஸ்பத்திரி. யார் சொன்னது சரி என்ற வழக்கை இங்கே தீர்க்கமுடியாது. ஆனால் அந்தக் கேள்வியே எழ முடியாதபடி ஒரு கட்டடத்தைக் கட்டமுடியும். அதற்கு என்ன செய்யவேண்டும் என்பது அதற்குப் பதினான்கு வருடம் முன்பே ஹூஸ்டனில் தெரிந்துபோயிருந்தது.

இன்ஜினியருக்கு இது தெரியாதா என்றால், பெரும்பாலும் தெரியும். முதல் மதிப்பீட்டில் பம்பை மேலே ஏற்றியும் இருப்பார், இரண்டாவது கேபிள் பாதையும் போட்டிருப்பார். பட்ஜெட் கூட்டத்தில் "இந்தத் தொகையை எங்கே குறைக்கலாம்?" என்ற பேச்சு வரும். வரவேற்பறை கிரானைட்டைக் குறைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படும். கூரைக்குள் போகும் கேபிளைக் குறைத்தால் யார் கண்ணிலும் படாது. சிவப்புப் பேனா எங்கே போகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அந்தச் சிவப்புப் பேனா இன்னும் சில வருடங்களில் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் கையில் இருக்கும். அன்றைக்கு எலக்ட்ரிக்கல் எல்லாம் படித்திருக்கத் தேவையில்லை. அடிப்பதற்கு முன்னால் எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். மின்சாரம் போனால் இது எதை நம்பி ஓடும்? அது எந்த மாடியில் இருக்கிறது? அந்த மாடிக்குத் தண்ணீர் வந்தால் அடுத்து என்ன?

மூன்றாவது கேள்விக்கு "வராது சார்" என்று பதில் வந்தால் பேனாவை மூடிவிடுங்கள். ஒன்பது மாடிப் படிக்கட்டில் எத்தனை படி இருக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடலாம்.